மே மாதம் கிளம்புகிறோம்

மோரிஸ் டெபட் இங்கிலாந்தின் கெட்டரிங் ஊரில் பூட்ஸ் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டராக இருந்தார். தோல் வெட்டும் இயந்திரமோ, அடிப்பாகம் தைக்கும் இயந்திரமோ, எது நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். தொழிற்சாலையை மூடியதும் ஒரு பள்ளிக்கூடத்தில் கொதிகலன் பார்க்கும் வேலைக்குப் போனார். அந்த வருடத்தில்தான் கூரை திறந்து மூடும் இரண்டு இருக்கைக் கார் ஒன்றை வாங்கிவந்தார். கரும்பச்சை நிறம், முழங்கால் உயரம். தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது.

அப்போது நான் பொது மருத்துவமனையில் நர்ஸாக வேலை செய்துகொண்டிருந்தேன். எங்கள் வீடும் அவர்கள் வீடும் ஒட்டுவீடுகள். நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான்.

அன்று மோரிஸ் காரின் முன்மூடிமேல் கையை வைத்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "மே மாசம் கிளம்புறோம். டோவர்ல கப்பல் ஏறி, ஃபிரான்ஸ் தாண்டி, ஆல்ப்ஸ் மேல ஏறி, அந்தப் பக்கம் இத்தாலி. கோமோ ஏரிக்கரையில போய்த்தான் வண்டி நிக்கும்."

பக்கத்தில் நின்றிருந்த அவர் மனைவி நோரீனின் முகம் சிவந்துபோயிற்று. கல்யாணமானதும் ஸ்கெக்னெஸ் கடற்கரைக்குத் தேனிலவு போனவர்கள் அவர்கள். அந்த வாரம் முழுவதும் மழை. தங்கியிருந்த விடுதிக்காரி காலை பத்து மணிக்கு வெளியே அனுப்பினால் சாயங்காலம்தான் உள்ளே விடுவாள். பஸ் நிறுத்தத்தின் கூரைக்கடியில் இருவரும் நனைந்த கோட்டோடு உட்கார்ந்திருந்தபோது, ஒருநாள் உன்னை மலை தாண்டி வெயிலுக்குக் கூட்டிப்போகிறேன் என்று மோரிஸ் சொன்னாராம். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் அவர் கொடுத்த வாக்கு அது ஒன்றுதான் என்பாள் நோரீன்.

காரைத் தயார்படுத்துவதில் மோரிஸை யாரும் குறை சொல்ல முடியாது. மலை ஏறும்போது என்ஜின் கொதிக்காமலிருக்க ரேடியேட்டரைக் கழற்றிப் பெரிதாக்கினார். அதற்கு முன்னால் கூடுதலாக ஒரு மின்விசிறி வைத்தார். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறிச் செயலிழந்துவிடும் என்று நாலு சக்கரத்துக்கும் பிரேக்கை மாற்றினார். அங்கே வலப்பக்கமாக ஓட்ட வேண்டும், எதிரே வருகிறவன் கண்ணில் வெளிச்சம் அடிக்கக் கூடாது என்பதால் ஹெட்லைட்டுக்குப் பட்டை வெட்டி ஒட்டினார். துணிக்கூரை ஒழுகும் இடத்தையெல்லாம் தைத்து மெழுகு தடவினார். வழியில் எங்கேயும் கிடைக்காது என்று ரப்பர் குழாய், விசிறிப் பட்டை, ஆக்ஸிலரேட்டர் கேபிள், இக்னிஷன் காயில் எல்லாம் உபரியாக வாங்கி, நோரீனின் பழைய காலுறைகளில் சுற்றி, பிஸ்கட் டின்னில் அடுக்கினார். பின்மூடிமேல் பெட்டி கட்ட ஒரு கம்பிச்சட்டமும் பொருத்தினார்.

நோரீன் தன் பங்குக்குச் செவ்வாய்க்கிழமை சாயங்காலங்களில் இத்தாலிய மொழி வகுப்புக்குப் போனாள். பாத்திரம் கழுவும்போது சொல்லிப் பழகுவாள். குளியலறையோடு இரண்டு பேருக்கு ஓர் அறை வேண்டும், ஜன்னல் ஏரியைப் பார்த்து இருக்கட்டும், இந்த ரொட்டி நேற்றையது. சுவர் வழியாகக் கேட்டுக் கேட்டு எனக்கும் அதெல்லாம் பாடமாகிவிட்டது.

முதல் வசந்தத்தில் மோரிஸ் காரைச் சோதித்துப் பார்க்கத் தனியாக டார்பிஷயர் மலைப்பக்கம் போனார். முகம் வெளுத்துப்போய்த் திரும்பினார். தண்ணீர் பம்ப் போய்விட்டதாம். மே மாதம் கைநழுவிவிட்டது. அடுத்த வருடம் என்ஜின் கேஸ்கெட். அதற்கடுத்த வருடம் பின் அச்சில் ஏதோ சத்தம். ஒவ்வொரு பனிக்காலத்திலும் கார் எலும்புக்கூடாகும், வசந்தத்தில் மறுபடி உருப்பெறும், ஏப்ரலில் புதிதாக ஒரு கோளாறு முளைக்கும்.

ரோத்வெல்லில் பட்டறை வைத்திருந்த கிளைவ் மன்ஸ் என்பவர் மோரிஸோடு சின்ன வயதில் ஒன்றாக வேலை கற்றவர். தொழிலாளர் கிளப்பில் அவர் எல்லோர் முன்னாலும், "அந்தக் காலத்துல ஹன்னிபால் ஆல்ப்ஸ் தாண்ட அத்தனை யானையைத் தயார்பண்ணவே இவ்வளவு நாள் ஆகலடா மோரிஸ்" என்றார். மோரிஸும் சிரித்தாராம். சிரித்துவிட்டு, ஆல்ப்ஸ் கணவாயின் வளைவுகளை ஒன்றுவிடாமல் மேசைமேல் பீரைத் தொட்டு வரைந்து காட்டினாராம்.

இதில் மாட்டிக்கொண்டது நோரீன். அவளுக்கு ரொட்டிக்கடையில் வேன் ஓட்டும் வேலை. வருடத்தில் கிடைக்கும் இரண்டு வார விடுப்பை மே மாதத்துக்கென்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுவாள். லாண்டட்னோவிலிருந்து தங்கை கூப்பிட்டாலும் போக முடியாது, நாங்கள்தான் இத்தாலி போகிறோமே என்று மோரிஸ் சொல்லிவிடுவார். கடைசியில் அந்த இரண்டு வாரமும் காரேஜில் நின்று அவருக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக் கழியும். ரொட்டி வாங்குகிறவர்கள், "என்ன நோரீன், அதுக்குள்ள திரும்பிட்டியா? வெயில்ல நிறம் ஒண்ணும் மாறலையே" என்பார்கள்.

ஒருநாள் துணி உலர்த்தும்போது வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னிடம் சொன்னாள். "வேற பொம்பளை பின்னாடி சுத்துறான்னா கத்தலாம் கண்ணு. குடிக்கிறான்னா கத்தலாம். எனக்காக ராப்பகலாக் கார் ரிப்பேர் பண்றவனை என்னன்னு கத்துறது?"

அவளை அந்தக் காரை ஓட்டவும் அவர் விட்டதில்லை. கிளட்ச் முரடு, உனக்கு ஒத்துவராது என்பார். பனியிலும் பள்ளத்திலும் ரொட்டி வேனை ஓட்டியவள் அவள்.

ஒரு மார்ச் மாதம் நோரீன் யாரையும் கேட்காமல் கப்பலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டாள். கொண்டுவந்து கணப்பு மேடையில் கடிகாரத்துக்கு முன்னால் சாய்த்து வைத்தாள். மோரிஸ் அதைப் பார்த்தார். "நல்லது" என்றார். தட்டிலிருந்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். மறுநாள் காலை காரேஜுக்குப் போய்க் கியர்பாக்ஸைக் கழற்ற ஆரம்பித்தார்.

கிளம்ப வேண்டிய நாள் நெருங்கிய ஒரு சனிக்கிழமை மதியம் அது நடந்தது. காரேஜ் தோட்டத்தின் கடைசியில், பின்சந்துப் பக்கம் பார்த்து இருந்தது. காரை உள்ளே விட்டால் ஆள் பக்கவாட்டில்தான் நடக்கலாம். காரை ஸ்டாண்டுகள்மேல் தூக்கி நிறுத்திவிட்டு மோரிஸ் அடியில் மல்லாந்து படுத்திருந்தார். இறுகியிருந்த ஒரு போல்ட்டைப் பலம்கொண்டு இழுத்தபோது கார் ஆடி, ஒரு ஸ்டாண்டு சரிந்து, கார் அவர்மேல் இறங்கிவிட்டது. கழற்றிய சக்கரங்களைக் காரின் அடிச்சட்டத்துக்குக் கீழே நுழைத்து வைப்பது தொழிற்சாலை நாட்களிலிருந்து அவருக்குப் பழக்கம். பெரும்பாரத்தை அவை தாங்கிக்கொண்டன. இல்லாவிட்டால் அன்றே எல்லாம் முடிந்திருக்கும். அப்படியும் வலக்கையும் மார்பும் மாட்டிக்கொண்டன. ரேடியோ ஓடிக்கொண்டிருந்ததால் அவர் முனகியது வெளியே கேட்கவில்லை.

டீ எடுத்துக்கொண்டு போன நோரீன்தான் பார்த்தாள். கார் விழுந்துவிட்டதென்று அவள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட குரலிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. தீயணைப்புப் படைக்குப் போன் செய்துவிட்டு ஓடினேன். தரையில் படுத்து அவர் நாடியைப் பார்த்தேன். மூச்சு மேலோட்டமாக ஓடியது, நினைவு தெளிவாக இருந்தது. ஜாக்கியை வைத்துத் தூக்கலாமா என்றாள் நோரீன். வேண்டாம், இன்னும் சரிந்தால் ஆபத்து என்று தடுத்தேன். ஊரிலிருந்த தீயணைப்பு வண்டி ஒரு பண்ணையில் வைக்கோல் போர் பற்றியெரிகிறதென்று போயிருந்தது. வேறு ஊரிலிருந்து வர வேண்டும். காத்திருப்பதைத் தவிர செய்ய ஒன்றுமில்லை.

நோரீன் ரேடியோவை நிறுத்தினாள். கம்பளிச்சட்டையோடு அந்த எண்ணெய்த் தரையில் படுத்து, கன்னத்தைச் சிமெண்ட்டில் வைத்து, அடியில் கைநீட்டி அவருடைய இடக்கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அவர் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தேன்.

"நோரீன்."

"பேசாதே. மூச்சை வீணாக்காதே."

"கியர்பாக்ஸ்ல ஒண்ணுமில்ல."

"என்ன சொல்றே?"

"நல்லாத்தான் இருந்துச்சு. சும்மாதான் கழட்டினேன்."

நோரீன் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். நினைவு தப்பிப் பேசுகிறாரோ என்று கேட்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. நான் இல்லையென்று தலையாட்டினேன்.

விட்டு விட்டு மோரிஸ் சொன்னார். முதல் வசந்தத்தில் டார்பிஷயர் போனபோது ஓர் ஏற்றத்தில் ஒருபக்கம் சுவரே இல்லை. சக்கரத்துக்கு அடுத்தாற்போல வெறும் பள்ளம். கால் மரத்துவிட்டது. நடுரோட்டில் காரை நிறுத்திவிட்டார். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். ஸ்டியரிங்கை விட்டுக் கை வரவில்லை.

"ஒரு விவசாயி வந்து என் கையை ஒவ்வொரு விரலாப் பிரிச்சு எடுத்தான், நோரீன். அப்புறம் அவனே காரைப் பின்னாலயே ஓட்டி இறக்கிக் குடுத்தான். நான் பக்கத்துல தலையைக் குனிஞ்சு உட்கார்ந்திருந்தேன்."

"அப்ப அந்தத் தண்ணி பம்ப்?"

"பொய்."

"கேஸ்கெட்?"

"அது பாதி நெசம்."

"பின் அச்சு?"

மோரிஸ் கண்ணை மூடிக்கொண்டார்.

நோரீன் மறுகையால் ஆறிப்போன டீக்கோப்பையைத் தள்ளிவைத்தாள். பிறகு, "நல்ல நேரம் பார்த்துத்தான் சொல்றே மோரிஸ். நின்னுக்கிட்டுச் சொல்லியிருந்தா இந்த டீயை உன் தலையில ஊத்தியிருப்பேன்" என்றாள்.

"தெரியும்."

"நான் ஓட்டியிருப்பேனே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே ஓட்டியிருப்பேனே."

"அதான். நீ ஓட்ட, நான் பக்கத்துல கண்ணை மூடிக்கிட்டு... கிளப்ல எந்த மூஞ்சியோட போய் நிக்கிறது?"

"கிளப்பு" என்றாள் நோரீன். அவள் கண்ணிலிருந்து வழிந்த நீர் மூக்கைத் தாண்டித் தரையில் சொட்டியது. பிடித்திருந்த கையை அவள் விடவில்லை.

தீயணைப்பு வீரர்கள் வந்து காற்றுப்பைகளைச் செருகிக் காரைத் தூக்கி அவரை வெளியே இழுத்தார்கள். காறை எலும்பும் சில விலா எலும்புகளும் முறிந்திருந்தன. வலக்கை நசுங்கியிருந்தது, ஆனால் பிழைத்துக்கொண்டது. கப்பல் கிளம்பிய நாளில் அவர் எங்கள் வார்டில் படுத்திருந்தார். நோரீன் டிக்கெட்டைச் செப்டம்பருக்கு மாற்றியிருந்தாள். அவரிடம் சொல்லவில்லை, என்னிடம் மட்டும் சொன்னாள்.

அவர் வீட்டுக்கு வந்தபிறகு சில வாரங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமேயில்லை. இத்தாலிய மொழியும் கேட்கவில்லை. தட்டு வைக்கும் ஓசை, நாற்காலி நகரும் ஓசை, அவ்வளவுதான். மோரிஸ் பகலெல்லாம் முன்னறை ஜன்னலில் உட்கார்ந்திருப்பார். தெருவில் யாராவது கையசைத்தால் இடக்கையைத் தூக்குவார். கிளப்புக்குப் போவதை நிறுத்திவிட்டார்.

ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நோரீன் அவருடைய நீல நிற வேலை உடுப்பை மாட்டிக்கொண்டு காரேஜுக்குள் போனாள். கிளைவ் மன்ஸும் வந்தார். ஞாயிறுதோறும் அவர்கள் இருவரும் கியர்பாக்ஸை மறுபடி பூட்டினார்கள். கையில் தூளிக்கட்டோடு மோரிஸ் சமையலறை நாற்காலியைக் கொண்டுபோய் வாசலில் போட்டு உட்கார்ந்து, எந்த போல்ட் முதலில், எது பிறகு என்று சொல்வார். நோரீன் வாய்திறந்து பதில் சொல்ல மாட்டாள், சொன்னபடி செய்வாள். பூட்டி முடித்த அன்று அவளே சாவியைப் போட்டுப் பின்சந்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தாள். வேலியோரம் நிறுத்தி என்னைக் கூப்பிட்டு, மோரிஸுக்கும் கேட்கும்படியாக, "இந்தக் கிளட்ச் வெண்ணெயாட்டம் இருக்கு கண்ணு" என்றாள்.

மாற்றிய டிக்கெட்டை நோரீன் மறுபடி கடிகாரத்துக்கு முன்னால் வைத்தாள், இந்தமுறை மோரிஸ் எதையும் கழற்றவில்லை. செப்டம்பரில் கிளம்பினார்கள், ஓட்டியது நோரீன். இனி நான் சொல்வதெல்லாம் நோரீன் என்னிடம் சொன்னது.

ஃபிரான்ஸின் சமவெளியில் மோரிஸ் வேறு மனிதராக இருந்தாராம். கூரையைத் திறந்துவிட்டு, மடியில் வரைபடத்தை விரித்துக்கொண்டு, ஒரு திருப்பம்கூடத் தப்பாமல் வழி சொன்னார். சாலையோரத்தில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் சாப்பிட்டார்கள். பாட்டுக்கூடப் பாடினாராம். மூன்றாம் நாள் இருபுறமும் மலைகள் நெருங்கி வர ஆரம்பித்தன. அவர் பேச்சைக் குறைத்தார். பிறகு வரைபடத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டார். பள்ளத்தாக்கின் கடைசியில், கணவாய்க்கு அடியில் லான்ஸ்லெபூர் என்ற ஊரில் அறை எடுத்தார்கள். ஜன்னலைத் திறந்தால் எதிரே மலை. மோரிஸ் திரையை இழுத்து மூடிவிட்டார்.

காலையில் எழுந்து சவரம் செய்து, டை கட்டி, ஷூவும் போட்டுக்கொண்டார். அதோடு கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். எழவில்லை. சரி, திரும்பிவிடலாம் என்றாள் நோரீன்.

"நீ போ" என்றார் மோரிஸ்.

"தனியாவா? நல்ல கதை."

"போயிட்டு வா நோரீன். நீ போகலேன்னா நான் இன்னும் அந்தக் காருக்கு அடியிலதான் கிடக்கேன்."

நோரீன் போனாள். ஊசிமரக் காட்டுக்குள் வளைந்து வளைந்து ஏறும் பாதை. ஒவ்வொரு வளைவிலும் கியரை மாற்றும்போது, பக்கத்திலிருந்து அவர் ஏதாவது சொல்வார் என்று காது காத்திருந்ததாம். என்ஜின் ஒருமுறைகூடத் திணறவில்லை. சூடு காட்டும் முள் நடுவிலேயே நின்றது. உச்சியில் ஒரு நீல ஏரி, அதைத் தாண்டி எல்லைச் சாவடி. காவலர் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டுக் காரைத்தான் அதிக நேரம் பார்த்தார். அங்கிருந்து இறக்கம், சூசா என்ற சிற்றூர், நல்ல வெயில். சதுக்கத்தில் காரை நிறுத்திக் காப்பி கேட்டாள். கடைக்காரர் வேகமாக ஏதோ திருப்பிச் சொன்னார், அதில் பாதி புரிந்தது. இத்தனை வருடச் செவ்வாய்க்கிழமைகளுக்கு அது போதும் என்று அவளுக்குத் தோன்றியதாம்.

சதுக்கத்தின் ஓரத்தில் டூரின் போகும் வழி என்று பலகை இருந்தது. பெட்ரோல் நிறைய இருந்தது. நோரீன் காருக்குள் ஏறி உட்கார்ந்து, சாவியைத் திருகாமல் அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்கேருந்து கோமோ ஏரி அரைநாள்தான் கண்ணு. என்னை யாரும் கட்டிப்போடல. ரோடு திறந்து கிடக்கு. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அப்படி ஒரு கோபம் வந்துச்சு. யார்மேலன்னு தெரியல. மலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற ஆளுக்குப் பசிச்சா ரொட்டி கேக்கக்கூட அவங்க பாஷை தெரியாது. காரைத் திருப்பிட்டேன்."

மறுபடி உச்சிக்கு ஏறி, ஃபிரான்ஸ் பக்கம் இறங்கும்போது, ஊருக்கு மேலே ஒரு வளைவில் சாலையோரமாக ஒருவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். முதுகைப் பாறையோடு ஒட்டி, இரண்டு உள்ளங்கைகளையும் தரையில் ஊன்றி, கண்ணை இறுக மூடிக்கொண்டு மோரிஸ். டை கட்டியபடியே இருந்தது. அவளை எதிர்கொள்ளலாம் என்று மதியம் சாப்பிட்டுவிட்டு நடக்க ஆரம்பித்திருக்கிறார். பாறையைப் பார்த்தபடியே சில வளைவுகள் ஏறிவிட்டார். ஓர் இடத்தில் தெரியாமல் திரும்பிக் கீழே பார்த்துவிட்டார். அதற்குமேல் ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. வழியில் போன ஒரு சைக்கிள்காரர் பேச்சுக்கொடுத்துப் பார்த்துவிட்டுத் தண்ணீர்ப் புட்டியை அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தார். அதைக்கூட அவர் தொடவில்லை.

நோரீன் காரை ஓரமாக நிறுத்திவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"எவ்வளவு நேரமா இங்க இருக்கே?"

"தெரியல. மணி பார்க்கக் கையைத் தூக்க முடியல."

"எதுக்கு வந்தே?"

"நீ திரும்பி வரமாட்டேன்னு நெனச்சேன்."

"நானும்தான் நெனச்சேன்" என்றாள் நோரீன்.

பிறகு அவள் தன் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து அவர் கண்ணைக் கட்டினாள். கையைத் தரையிலிருந்து பெயர்த்து, தோளில் போட்டு, நடத்திக்கொண்டு போய் இருக்கையில் உட்கார்த்தினாள். கண்கட்டோடு வளைவுகளில் இறங்கும்போது மோரிஸ் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"என்ஜின் சூடாச்சா?"

"இல்ல. முள்ளு நடுவுலயே நின்னுச்சு."

அதற்கு அவர் சிரித்தாராம். தனக்கு அவரைக் கன்னத்தில் அறையவும் தோன்றியது, முத்தமிடவும் தோன்றியது, ஆனால் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன என்றாள் நோரீன்.

ஊர் திரும்பியதும் மோரிஸ் கிளப்புக்குப் போனார். கணவாயைத் தாண்டியது நோரீன், நான் கீழேயே இருந்துவிட்டேன் என்று அவராகவே சொன்னார். ஒரு வாரம் எல்லோரும் கேலி செய்தார்கள், மேசைமேல் ஏறி நின்று கீழே பார்க்கச் சொன்னார்கள். பிறகு பேச்சு கால்பந்துக்குப் போய்விட்டது. இத்தனை வருடம் அவர் பயந்தது அந்த ஒரு வாரத்துக்குத்தான்.

அந்தப் பனிக்காலத்தில் மோரிஸ் மறுபடி காரேஜில் விளக்கைப் போட்டார். கார்புரேட்டர்களைக் கழற்றித் துடைத்தார். இந்தத் தடவை ஹாலந்து என்றார், அங்கே பாலத்தைவிட உயரமாக எதுவும் கிடையாதாம். மே மாதம் நிஜமாகவே கிளம்பிப் போனார்கள். சில நாட்கள் அவரும் ஓட்டினார். அடுத்த மே மாதமும் ஹாலந்துதான். நோரீன் செவ்வாய்க்கிழமை வகுப்பை விடவில்லை. மறுபடி இத்தாலிக்குப் போகவுமில்லை.

இரண்டாம் முறை போய்வந்தபிறகு எப்படி இருந்தது என்று வேலியோரம் அவளைக் கேட்டேன்.

"ரெண்டு வாரமும் தண்ணி, மாடு, தண்ணி, மாடு" என்றாள் நோரீன், ஒரு படுக்கை விரிப்பைக் கொடியில் உதறிப் போட்டபடி.

அப்படியானால் அடுத்த வருடம் என்ன செய்யப்போகிறீர்கள் என்றேன். அவள் வாயிலிருந்த கிளிப்பை எடுத்துத் துணியில் மாட்டினாள். காரேஜுக்குள்ளிருந்து சுத்தியல் ஓசை கேட்டுக்கொண்டிருந்தது.

"போவோம். முன் டயர் ரெண்டையும் மாத்தணுமாம்."